புரட்டாசி வெயிலில் ஒரு டவுன் ஜாக்கெட்

வணக்கம் மக்களே. சிரிக்கிறவர்கள் முதலில் சிரித்து முடித்துவிடுங்கள். வடுவூரிலிருந்து மன்னார்குடி போகிற வழியில், குறுவை அறுத்த வயல் வரப்பில், இந்தப் புரட்டாசி வெயிலில் ஒருவன் மெத்தையைச் சுற்றிக்கொண்ட மாதிரி கழுத்து வரை ஜிப் போட்டு நின்றால் யாருக்குத்தான் சிரிப்பு வராது? வரும் வழியில் டீக்கடையில் ஒருவர், "குளிர் காய்ச்சலா தம்பி?" என்றே கேட்டுவிட்டார்.

விஷயம் இதுதான். என் அக்கா மகன் டிசம்பர் கடைசியில் கனடாவுக்குப் படிக்கப் போகிறான். வின்னிபெக். நான் நாலு குளிர்காலம் வேலை பார்த்த அதே ஊர். "மாமா, டவுன் ஜாக்கெட் வாங்கணும், எது நல்லதுன்னு சொல்லுங்க" என்று போனில் கேட்டான். பக்கத்தில் முறுக்கு பிழிந்துகொண்டிருந்த அம்மா காதில் அது விழுந்துவிட்டது. "ஏண்டா, டவுனுக்குப் போறதுக்கு ஆம்பளப் புள்ளைக்கு எதுக்குடா ஜாக்கெட்டு?" அம்மா கேட்டதில் தப்பே இல்லை. எங்களுக்கு டவுன் என்றால் மன்னார்குடி, ஜாக்கெட் என்றால் ரவிக்கை.

இந்த டவுன் வேறு. கேமராவை அந்தப் பக்கம் திருப்புகிறேன், பாருங்கள். ஐந்நூறு, அறுநூறு வாத்து இருக்கும். குறுவை அறுப்பு முடிந்ததும், சிந்திய நெல்லையும் நத்தையையும் மேய வருஷா வருஷம் மந்தையை ஓட்டிக்கொண்டு வருவார்கள். மேய்க்கிற அண்ணன், பட்டி போட்ட இடத்தில் கிடந்ததில் இரண்டை எடுத்துக் கொடுத்தார். கிட்டே காட்டுகிறேன்.

இது சிறகிலிருந்து விழுந்தது. நடுவில் தண்டு, இரண்டு பக்கமும் சீப்பு மாதிரி இழை. இன்னொன்று வயிற்றுப் பக்கத்தது, மேல் இறகுக்கு அடியில் உடம்பை ஒட்டி முளைக்கிறது. இதில் தண்டே கிடையாது. ஒரு புள்ளியிலிருந்து நாலாபக்கமும் இழை பிரிகிறது, எருக்கம் பஞ்சு மாதிரி. உள்ளங்கையில் வைத்தால் வைத்ததே தெரியவில்லை. விரலால் நசுக்குகிறேன், காணாமல் போய்விட்டது. விட்டால்... பாருங்கள், மறுபடி பூத்துவிட்டது. டவுன் என்பது இதுதான். பழைய தமிழில் தூவி என்று ஒரு சொல் உண்டு, நான் அதையே சொல்லிக்கொள்கிறேன்.

இந்தத் தூவி ஒரு பொட்டு சூட்டையும் உண்டாக்காது. சூடு நம் உடம்பினுடையது. தூவி தன் இழைகளுக்குள்ளே காற்றைப் பிடித்து அசையாமல் வைத்திருக்கிறது, அவ்வளவுதான். நின்ற காற்றைத் தாண்டிச் சூடு வெளியே போவது கஷ்டம். பாட்டி வீட்டு இலவம்பஞ்சுத் தலையணையை நினைத்துக்கொள்ளுங்கள். புதுசாக அடைத்தபோது எப்படி உப்பியிருந்தது, நாலு வருஷம் தலை வைத்துக் கட்டி தட்டியபின் எப்படி ஆனது? பஞ்சு அதே பஞ்சுதான், உள்ளே இருந்த காற்றுதான் போய்விட்டது. ஜாக்கெட் வாங்கும்போது நாம் காசு கொடுப்பது அந்தக் காற்றுக்குத்தான்.

அப்புறம் கடைக்காரர்கள் சொல்லும் அந்த எண். 600, 700, 800 என்று ஃபில் பவர் போட்டிருப்பார்கள். ஒரு அவுன்ஸ் தூவியை, அதாவது சுமார் 28 கிராமை, ஒரு உருளையில் போட்டு மேலே குறிப்பிட்ட எடையை வைத்தால் எத்தனை கன அங்குலம் இடத்தை அடைத்துக்கொள்கிறது என்பதுதான் அது. 700 என்றால் பதினொன்றரை லிட்டர். ஒரு கைப்பிடி வெந்தயத்தின் எடைதான், ஆனால் நம் வீட்டு பிளாஸ்டிக் குடம் கிட்டத்தட்ட நிறைந்துவிடும்.

இங்கேதான் எல்லோரும் ஏமாறுகிறோம். எண் பெரிதாக இருந்தால் ஜாக்கெட் கதகதப்பு என்று நினைத்துக்கொள்கிறோம். அது தூவியின் தரம் மட்டும்தான். உள்ளே எத்தனை கிராம் வைத்திருக்கிறார்கள் என்பது தனிக் கணக்கு. 800 தூவி 80 கிராம் வைத்த ஜாக்கெட் ஒன்று, 600 தூவி 200 கிராம் வைத்தது ஒன்று. பெருக்கிப் பாருங்கள். முதலாவதில் காற்று 37 லிட்டர், இரண்டாவதில் 69. குளிருக்கு இரண்டாவதுதான். முதலாவது எடை குறைவு, மடித்தால் பைக்குள் ஒடுங்கிவிடும், மலையேறுகிறவனுக்கு அது பெரிய விஷயம். பஸ்ஸுக்கு நிற்கிறவனுக்கு அதனால் என்ன? அரிசி பொன்னியா என்று மட்டும் கேட்டுவிட்டு எத்தனை கிலோ என்று கேட்காமல் வருவோமா? கிராம் கணக்கைத் துணி லேபிளில் பெரும்பாலும் போடமாட்டார்கள். நிறுவனத்தின் விவரப் பக்கத்தில், எந்த அளவுக்கு எத்தனை கிராம் என்று தேடிப் பாருங்கள். அங்கேயும் இல்லையென்றால் நான் அந்த ஜாக்கெட்டைத் தொடமாட்டேன்.

90/10 என்று இன்னொன்று இருக்கும். நூற்றுக்குத் தொண்ணூறு தூவி, பத்து சின்ன இறகு. 80/20-உம் பரவாயில்லை. அதற்கும் கீழே போனால் தண்டு துணியைக் குத்திக்கொண்டு வெளியே வரும். கூஸ் என்கிற பெரிய வாத்தின் தூவி நல்லதா, சாதா வாத்தின் தூவி நல்லதா என்று கேட்பார்கள். ஃபில் பவர் ஒன்றாக இருந்தால் எனக்கு இரண்டும் ஒன்றுதான்.

என் கதைக்கு வருகிறேன். முதல் தடவை போகும்போது பெருநகரம் ஒன்றில் பெரிய கடைக்குப் போனேன். கறுப்பு, பளபளப்பு, தோளில் பொம்மென்று இருந்தது. "மைனஸ் 20 தாங்கும் சார்" என்றார் விற்றவர். உள்லேபிளில் டவுன் ஆல்டர்நேட்டிவ் என்று போட்டிருந்ததை டவுனில் ஏதோ உயர்ந்த ரகம் என்று எடுத்துக்கொண்டேன். டவுனுக்குப் பதிலாக வைத்தது என்று அர்த்தம், அதாவது பாலியஸ்டர். பாலியஸ்டர் கெட்டது என்று சொல்லவில்லை, அதிலும் நல்லது இருக்கிறது, பிறகு சொல்கிறேன். இது மெல்லிசாக ஒரு தகடு. வின்னிபெக்கில் ஜனவரி ராத்திரி மைனஸ் 30 வரை இறங்கும். வேலை முடிந்து பஸ்ஸுக்கு நின்றேன், பதினைந்து நிமிஷம் இருக்கும். முதலில் மூக்குக்குள் ஈரம் உறைந்து முள் மாதிரி குத்தியது. அப்புறம் நெஞ்சு நடுவில், ஜிப் போகிற கோட்டில் மட்டும், நனைந்த கயிற்றை வைத்து அழுத்துகிற மாதிரி ஒரு குளிர். பிறகு தோள் தையல், பிறகு மணிக்கட்டு. ஜாக்கெட்டின் ஓட்டை ஒவ்வொன்றையும் குளிர் தொட்டுத் தொட்டுக் காட்டியது. அன்றைக்குப் படித்ததைத்தான் உங்களுக்கு இப்போது சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

ஜிப்புக்குப் பின்னால் உள்பக்கம் தூவி அடைத்த ஒரு பட்டை ஓடவேண்டும், விரலை விட்டுத் தடவிப் பாருங்கள். மணிக்கட்டில் இறுக்கிப் பிடிக்கிற உள்பட்டி, கீழ் ஓரத்தில் இழுத்துக் கட்டுகிற கயிறு, தலைக்கு ஹுட். பிறகு தையல். நான் இப்போது போட்டிருக்கிற இந்தத் தூவி ஜாக்கெட்டைப் பாருங்கள், குறுக்கே கோடு கோடாக இருக்கிறதே, இதெல்லாம் வெளித்துணியையும் உள்துணியையும் சேர்த்துத் தைத்த இடம். அங்கே தூவி கிடையாது, ஒவ்வொரு கோடும் குளிர் வருகிற வாய்க்கால். மைனஸ் 10 வரை இது போதும். அதற்குக் கீழே போகிறவர்கள், இரண்டு துணிக்கும் நடுவில் துணிச்சுவர் வைத்து அறை அறையாகத் தைத்ததை வாங்குங்கள், பாக்ஸ் பேஃபிள் என்பார்கள். விலை கூடும்.

போட்டுப் பார்க்கும்போது வெறும் சட்டையோடு பார்க்காதீர்கள். உள்ளே ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு பாருங்கள். கையைத் தூக்குங்கள், குந்தி உட்காருங்கள். இறுக்கிப் பிடித்தால் தூவி நசுங்கும், நசுங்கினால் காற்று போச்சு. தொளதொளவென்று இருந்தாலும், நடக்கும்போது துருத்தி மாதிரி சூட்டை வெளியே ஊதிவிடும். நின்று பஸ் பிடிக்கிறவனுக்குத் தொடை வரை நீளம் வேண்டும். உள்பையும் ஒன்று அவசியம், குளிரில் போன் பேட்டரி சட்டென்று படுத்துவிடும், உடம்போடு ஒட்டி வைத்தால் தப்பிக்கும்.

சிரித்தவர்களுக்கு ஒரு சின்னக் கதை. 1922-இல் எவரெஸ்ட் ஏறப் போன கூட்டத்தில் ஜார்ஜ் ஃபின்ச் என்று ஒருவர். மற்றவர்கள் எல்லாம் கம்பளிக் கோட்டில் இருக்க, இவர் மட்டும் பலூன் செய்கிற துணியில் ஐடர் வாத்தின் தூவியை அடைத்துத் தைத்த கோட்டைப் போட்டுக்கொண்டு போனார். கேலி பண்ணினார்கள். மேலே போகப் போக, கேலி பண்ணியவர்களுக்கு அந்தக் கோட்டின் மேலேயே கண். டீக்கடை அண்ணனிடம் திரும்பிப் போகும்போது இதைச் சொல்லவேண்டும்.

சரி, எங்கே போகிறீர்கள் என்பதைப் பொறுத்துத்தான் மற்றது. தூவிக்கு எதிரி தண்ணீர். வாத்தே இதற்கு வழி வைத்திருக்கிறது. வாலடியில் எண்ணெய்ச் சுரப்பி இருக்கிறது, அதை அலகால் எடுத்து மேல் இறகில் பூசிக்கொண்டே இருக்கும். அதோ, வாய்க்கால் ஓரத்தில் ஒன்று அதைத்தான் செய்கிறது. அதனால் நாளெல்லாம் தண்ணீரில் கிடந்தாலும் அடியில் இருக்கிற தூவி காய்ந்தே இருக்கும். நம் ஜாக்கெட்டில் அந்த வேலையை மெல்லிய நைலான் துணி செய்யவேண்டும். தூறல் வரை சமாளிக்கும், மழை என்றால் தோற்றுவிடும். நனைந்த தூவி கட்டி தட்டி, பனியன் போட்டதும் ஒன்று, அது போட்டதும் ஒன்று என்று ஆகிவிடும். லடாக், வின்னிபெக் எல்லாம் காய்ந்த குளிர், தூவிக்கு அதுதான் ராஜபாட்டை. லண்டன் பக்கம் சுழியத்துக்கு மேலே நாலைந்து டிகிரியில் நசநசவென்று தூறிக்கொண்டே இருக்கும், அங்கே போகிறவர்கள் மேலே ஒரு மழைக்கோட்டும் வைத்துக்கொள்ளுங்கள், இல்லையென்றால் நல்ல பாலியஸ்டர் வாங்குங்கள், அது நனைந்தாலும் ஓரளவு சூட்டைப் பிடிக்கும். அப்பா அம்மாவைக் கேதார்நாத் அனுப்புகிறவர்களுக்கும் இதேதான். மலையில் எப்போது மழை பிடிக்கும் என்று சொல்லமுடியாது.

தூவி எடுப்பதற்காக உயிரோடு இறகு பிடுங்குகிற கொடுமையும் இந்தத் தொழிலில் உண்டு. அது கூடாது என்று 2014-இல் ரெஸ்பான்சிபிள் டவுன் ஸ்டாண்டர்ட் என்று ஒரு தரச்சான்று வந்தது. லேபிளில் ஆர்.டி.எஸ். என்று இருக்கிறதா பாருங்கள். இந்த அண்ணனின் வாத்தெல்லாம் முட்டைக்கு, பயப்படவேண்டாம்.

துவைக்கிறதைச் சொல்லாமல் போனால் அம்மா கோபித்துக்கொள்வார். திரும்பி வந்த வருஷம், ஐப்பசியில், "இவ்ளோ அழுக்காவா போட்டுக்கிட்டுத் திரிஞ்ச" என்று இதே ஜாக்கெட்டை சோப்புத்தூள் போட்டு ஊறவைத்து, கல்லில் நாலு அடி அடித்து, முறுக்கிப் பிழிந்து கொடியில் போட்டுவிட்டார். ரெண்டு நாள் விடாத அடைமழை. வீடு முழுக்க நனைந்த வாத்து நாற்றம். உள்ளே தூவி கொழுக்கட்டை கொழுக்கட்டையாக உருண்டு நின்றது. அங்கே என்றால் டிரையரில் குறைந்த சூட்டில் மூன்று டென்னிஸ் பந்தோடு சுற்றவிடுவோம், பந்து அடித்து அடித்துக் கட்டியை உடைத்துவிடும். இங்கே கயிற்றுக் கட்டிலில் விரித்து, ஃபேனுக்கு அடியில் போட்டு, நானும் அம்மாவும் நாலு நாள் விரலால் ஒவ்வொரு அறையாகப் பிரித்துவிட்டோம். முழுசாகப் பழைய நிலைக்கு வரவில்லை, இடது தோளைப் பாருங்கள், கொஞ்சம் சப்பையாக இருக்கிறதல்லவா? மென்மையான சோப்பு, முறுக்கக் கூடாது, துணி அலசும்போது ஊற்றுகிற வாசனைத் திரவம் வேண்டவே வேண்டாம். ஊருக்கு எடுத்து வந்தால் பீரோவில் அமுக்கி வைக்காதீர்கள், கார்த்திகை ஈரத்தில் பூஞ்சை பிடிக்கும். பருத்தித் துணியில் மூடித் தொங்கவிடுங்கள்.

மாப்ள, இது உனக்கு. இங்கே லட்ச ரூபாய்க்கு வாங்காதே. விமானம் இறங்குகிற அன்றைக்குத் தாங்க என்னுடைய இதையே போட்டுக்கொண்டு போ, உள்ளே ரெண்டு ஸ்வெட்டர் போட்டுக்கொள். டிசம்பர் 26-இலிருந்து அங்கே கடைகளில் பெரிய தள்ளுபடி ஓடும். மூன்றாம் நாள் போய், அறை அறையாகத் தைத்தது, தொடை வரை நீளம், கிராம் கணக்கு கேட்டு வாங்கு. கலர் எதுவாக இருந்தால் என்ன, ஆறு மாசம் அதைத் தவிர வேறு எதுவும் யாருக்கும் தெரியப் போவதில்லை.

வடுவூர் ஏரிக்கு இன்னும் ஒன்றரை, ரெண்டு மாசத்தில் வடக்கேயிருந்து ஊசிவால் வாத்தெல்லாம் வந்து இறங்கும். அப்போது ஒரு வீடியோ... இருங்கள், இருங்கள். மேற்கே கறுத்துக்கொண்டு வருகிறது. பொன் உருகக் காயும், மண் உருகப் பெய்யும் என்று புரட்டாசியைச் சொல்வார்கள், காய்ந்தது போதும் போலிருக்கிறது. வாத்து அண்ணன் மந்தையைத் திருப்பிவிட்டார். ஒரு சொட்டு கழுத்தில் விழுந்துவிட்டது. ஜாக்கெட்டைக் கழற்றி பிளாஸ்டிக் பையில் போடுகிறேன், நான் நனைந்தால் பரவாயில்லை.