ஜேஜு தீவில் ஒரு கிண்ணம் கோகி குக்சு

வணக்கம் நண்பர்களே! தென்கொரியாவின் ஜேஜு நகரத்தில், சம்சொங்ஹ்யொல் நினைவிடத்துக்கு அருகில் இருக்கும் நூடுல்ஸ் கடைத்தெருவுக்கு வந்திருக்கிறேன். சூடாக வந்து இறங்கியிருக்கும் இந்தக் கிண்ணம்தான் கோகி குக்சு. பன்றி எலும்பை நெடுநேரம் கொதிக்கவிட்டு எடுத்த சாற்றில் கோதுமை நூடுல்ஸைப் போட்டு, வேகவைத்த பன்றி இறைச்சித் துண்டுகளை மேலே அடுக்கித் தருகிறார்கள்.

கேமராவை இன்னும் கிட்டே கொண்டுபோகிறேன், பாருங்கள். தோல், கொழுப்பு, சதை மூன்றும் ஒன்றுவிடாமல் ஒட்டியிருக்கும் துண்டுகள் இவை. தோல் பக்கம் கண்ணாடிபோல் மின்னுகிறது. அதன்மேல் வெங்காயத்தாளும் கேரட்டும் எள்ளும் மிளகாய்த்தூளும் தூவியிருக்கிறார்கள். நூடுல்ஸ் நம் இடியாப்ப இழையைவிடத் தடிமனாக, உருண்டையாக இருக்கிறது. ஜப்பானிய ராமெனை நினைத்துக்கொண்டு வருபவர்களுக்கு முதல் வாய் சப்பென்றுதான் இருக்கும். ஆனால் அந்த அளவுகோலை இங்கே கொண்டுவரக் கூடாது என்பது என் கருத்து.

ஏனென்றால், இதன் வேர் இந்தத் தீவின் விருந்து வீடுகளில் இருக்கிறது. எரிமலைப் பாறை நிலத்தில் தண்ணீர் நிற்காமல் கீழே இறங்கிவிடுவதால் இங்கே நெல் விளைவது அரிது. தினையும் பார்லியுமே பல காலம் இவர்களின் சாப்பாடு. கல்யாணம், துக்கம் என்றால் வீட்டில் வளர்த்த பன்றியை அறுத்து, பெரிய அண்டாவில் வேகவைத்து ஊருக்கே பரிமாறுவார்கள். அந்தச் சாற்றில் கடல்பாசியைப் போட்டுக் காய்ச்சுவது மோம்குக். 20ஆம் நூற்றாண்டில் உலர்ந்த கோதுமை நூடுல்ஸ் தாராளமாகக் கிடைக்கத் தொடங்கிய பிறகு, அதே சாற்றில் அதுவும் சேர்ந்துகொண்டது.

எனவே முதலில் எதையும் சேர்க்காமல் சாற்றை மட்டும் இரண்டு கரண்டி குடியுங்கள். பன்றி வாடை லேசாக வரத்தான் செய்கிறது, மறைக்கவில்லை. ஆனால் நாக்கில் ஒட்டும் அந்தக் கொழகொழப்பு எலும்பிலிருந்து வந்தது. பிறகு இறைச்சித் துண்டின்மேல் கிம்சியை, அதாவது கொரியர்களின் புளிக்கவைத்த காய்கறியை வைத்து, நூடுல்ஸோடு சேர்த்து வாயில் போடுங்கள்; கொழுப்பின் திகட்டலைப் புளிப்பு சட்டென்று அடக்கிவிடுகிறது. எனக்கு இந்தக் கட்டம்தான் பிடித்திருக்கிறது.

தனியாகப் பயணம் செய்பவர்களுக்கு ஒரு செய்தி. இறைச்சி சுட்டுத் தரும் பல கொரியக் கடைகளில் குறைந்தது இரண்டு பேருக்கு ஆர்டர் கொடுக்க வேண்டியிருக்கும்; இங்கே ஒரு கிண்ணம் போதும். டிப்ஸ் கொடுக்கும் வழக்கம் கிடையாது, பணத்தைக் கல்லாவில் கட்டிவிட்டுப் புறப்படலாம்.