நினைவுக்காக ஒரு வழக்கு

நடுவர் அவர்களே, திருகோணமலைச் சபையோரே, வணக்கம். "மனதுக்கு நெருக்கமான சொல் நினைவா, ஞாபகமா?" என்ற தலைப்பில் நினைவு அணிக்காக வந்திருக்கிறேன்.

எதிரணித் தலைவி ஒரு வாதம் வைத்தார். 'ஞாபகமா உப்பு வாங்கிக்கொண்டு வா' என்றுதான் வீட்டில் சொல்கிறோம், நினைவு வெறும் ஏட்டுச் சொல் என்றார். உப்பு வாங்க ஞாபகம் போதும், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் போன வருசம் என் அம்மம்மா வழுக்கி விழுந்து ஆஸ்பத்திரியில் கிடந்தா. வாட்டுக்கு வெளியே வாங்கில் இருந்த நாங்கள் கதவு திறந்த போதெல்லாம் கேட்டது ஒரே கேள்வி: "நினைவு திரும்பிட்டுதா, மிஸ்?" ஞாபகம் திரும்பிட்டுதா என்று ஒருவரும் கேட்கவில்லை. விடியப்புறம் கண் திறந்தா. என்ன கிழமை என்று தெரியாது, ஏன் அங்கே கிடக்கிறா என்றும் தெரியாது. என் விரலைப் பிடித்து, "சாப்பிட்டியா பிள்ளை?" என்றா. ஞாபகம் ஒன்றும் இல்லை, நடுவர் அவர்களே. நினைவு இருந்தது.

ஞாபகம் வடமொழியிலிருந்து வந்த சொல். அறிவிப்பது, தெரியப்படுத்துவது என்பது அதன் மூலப்பொருள். வந்த சொல் என்று நான் தாழ்த்தமாட்டேன், நம் வாயில் எப்போதோ ஊறிவிட்டது. ஆனால் அது தனியே நடக்காது. ஞாபகம் வரவேண்டும், வைத்திருக்கவேண்டும், யாராவது ஞாபகப்படுத்தவேண்டும். 'நினை' தானே வினை. 'மழை வரும் என்று நினைக்கிறேன்', 'செத்துப்போன தாத்தாவை நினைக்கிறேன்': இரண்டுக்கும் அதே சொல். எண்ணுவதையும் நினைவுகூர்வதையும் தமிழ் பிரித்து வைக்கவில்லை.

சோறு புரைக்கேறினால் உச்சியில் தட்டி, "ஆரோ நினைக்கிறாங்க" என்பார்கள். வள்ளுவர் காலத்தில் தும்மல். "நினைப்பவர் போன்று நினையார்கொல் தும்மல் சினைப்பது போன்று கெடும்" என்பது 1203ஆம் குறள். தும்மல் வருவதுபோல் வந்து அடங்கிவிட்டதே, அவர் நினைக்கப்போய் விட்டுவிட்டாரோ என்று தவிக்கிறாள் ஒருத்தி. தொலைவில் இருப்பவர் நினைத்தால் அது நம் உடம்பில் தெரியும் என்ற நம்பிக்கையை ஞாபகம் என்ற சொல்லுக்குள் வைத்துப் பாருங்கள், நிற்காது.

எதிரணியின் இரண்டாவது பேச்சாளர் நம் கோட்டை வாசலைக் காட்டினார். பாண்டியரின் இரட்டைக் கயல் பொறித்த கல்லும், கோணேசர் கோயிலுக்குத் திருப்பணி செய்ததாகச் சொல்லப்படும் மன்னனைப் பற்றி "முன்னே குளக்கோட்டன்" என்று தொடங்கும் கல்வெட்டும் ஊரின் ஞாபகம் என்றார். சரியாகச் சொன்னார்! கல் அறிவிக்கிறது, அது ஞாபகத்தின் வேலை. போர்த்துக்கீசர் கோணேசர் கோயிலை இடித்தது 1622இல். இன்றுள்ள கோயிலுக்குக் குடமுழுக்கு நடந்தது 1963இல். இடையில் 341 வருசம். அந்தக் காலத்திலும், கோயில் இருந்த இடமான சுவாமி மலையின் வெறும் உச்சிக்கு ஏறிப்போய், கீழே கடலைப் பார்த்துப் பூவும் தேங்காயும் படைத்தவர்கள் நம்மவர்கள். கும்பிடக் கோபுரம் இல்லை, மணிச்சத்தம் இல்லை. இடிந்த கோயிலின் கற்கள் கோட்டைச் சுவரில் இருந்தன.

போய்வா என்று அவர்களுக்கு ஒருவரும் ஞாபகப்படுத்த வேண்டியிருக்கவில்லை, நடுவர் அவர்களே. நன்றி, வணக்கம்.