சின்னம்மை வந்திருக்கா

(பாளையங்கோட்டையில் ஒரு வாசகர் கூட்டத்தில் பேசியது. பேச்சு நடையை அதிகம் மாற்றாமல் எழுதியிருக்கிறேன்.)

எல்லாருக்கும் வணக்கம். அழைப்பிதழில் ‘தொலைக்காட்சியில் சிற்றன்னை’ என்று தலைப்புப் போட்டிருக்கிறீர்கள். சிற்றன்னை என்று நம்ம ஊரில் யார் சொல்கிறார்கள்? சித்தி என்போம், சின்னம்மை என்போம். ஆள் தெருமுனை தாண்டிவிட்டால் ‘இளையா’ என்போம்.

நான் சித்தி வளர்த்த பிள்ளை. அம்மா போனபிறகு அப்பா இரண்டாந்தாரமாகக் கட்டி, அவள் அம்பாசமுத்திரம் வீட்டுக்கு வந்தபோது எனக்குப் பதினொரு வயது, அவளுக்கு இருபத்திரண்டு. எனக்குக் கீழே தம்பிகள் இரண்டு பேர். ஆச்சி எங்களைக் கூப்பிட்டு, “எலே, உங்களுக்குச் சின்னம்மை வந்திருக்கா” என்றாள். அதற்கு முந்தின வருஷம்தான் தெருவெல்லாம் அம்மை போட்டு, வாசலுக்கு வாசல் வேப்பிலை தொங்கியது. கடைக்குட்டி ரொம்ப யோசித்துவிட்டுக் கேட்டான்: “பத்து நாள்ல இறங்கிரும்லா?”

இந்த ஒரு வரியை எந்தத் தொடரில் வைத்தாலும் சிரிப்பு வரும். ஆனால் நாம் வைக்க மாட்டோம். நமக்குச் சித்தி என்றாலே அழுகைதான். 1999 முதல் 2001 வரை சன் டிவியில் ராதிகாவின் ‘சித்தி’ ஓடியபோது ராத்திரியில் தெருவே உள்ளே போய்விடும். அதிலே வந்தவள் நல்ல சித்தி, அதை மறுக்கவில்லை. ஆனாலும் நல்லவள் என்று காட்ட அந்தப் பெண் எத்தனை கண்ணீர் விட வேண்டியிருந்தது! கெட்ட சித்தி பிள்ளையை அழவைப்பாள், நல்ல சித்தி தானே அழுவாள். மூன்றாவதாக ஒருத்தி உண்டு. பிள்ளைக்கு எந்தச் சட்டையை எடுத்துப் போடுவது என்று தெரியாமல் பீரோ முன்னால் முழித்துக்கொண்டு நிற்கிறவள். அவளை நாம் எழுதவே இல்லை.

அமெரிக்காவில் எழுதினார்கள். சிட்காம் என்கிற அரைமணி நேர நகைச்சுவைத் தொடர் வகை அதற்குத் தோதானது. விளம்பரம் போக இருபத்திரண்டு, இருபத்தைந்து நிமிஷம். அதற்குள் பெரிய வில்லத்தனம் எதற்கும் இடம் கிடையாது, சில்லறைச் சங்கடங்களுக்குத்தான் இடம். 1969-இல் ஏபிசி சேனலில் ‘தி பிராடி பஞ்ச்’ தொடங்கியது. மூன்று பையன்களோடு ஒரு அப்பா, மூன்று பெண்பிள்ளைகளோடு ஒரு அம்மா, இருவரும் கல்யாணம் செய்து ஒரே வீட்டில் குடியேறுகிறார்கள். 1974 வரை 117 பகுதிகள். ஆண் மனைவியை இழந்தவன் என்று வெளிப்படையாகச் சொன்னார்கள். அவளுடைய முதல் கணவன் என்ன ஆனான்? தொடரை உருவாக்கிய ஷெர்வுட் ஷ்வார்ட்ஸ் அவளை விவாகரத்தானவளாக வைக்க நினைத்தார், சேனல் ஒத்துக்கொள்ளவில்லை. கடைசிவரை சொல்லாமலே விட்டுவிட்டார்கள். பக்கத்து வீட்டு ரகசியத்தை மூடி வைப்பது அம்பாசமுத்திரத்துக்கு மட்டும் உரிய கலை என்று நினைத்திருந்தேன்.

பிறகு 2013-இல் நிக் அட் நைட் சேனலில் ‘இன்ஸ்டன்ட் மாம்’ வந்தது, 2015 வரை. இன்ஸ்டன்ட் காபி மாதிரி இன்ஸ்டன்ட் அம்மா, பேரைப் பாருங்கள். நேற்றுவரை விருந்து, கொண்டாட்டம் என்று திரிந்த ஸ்டெபானி, தன்னைவிட மூத்த ஒருவரைக் கட்டிக்கொண்டு ஒரே நாளில் மூன்று பிள்ளைகளுக்குத் தாயாகிறாள். நடித்தது டியா மௌரி. 1994-இல் தொடங்கிய ‘சிஸ்டர், சிஸ்டர்’ தொடரில், பிறந்ததுமே பிரிந்து வெவ்வேறு வீட்டில் தத்துப்பிள்ளைகளாக வளர்ந்த இரட்டையரில் ஒருத்தியாக வந்த அதே பெண். தத்துப்பிள்ளையாக நடித்தவள் வளர்ந்து சித்தியாக வந்து நிற்கிறாள். அவளுக்கு அம்மாவாக ஷெரில் லீ ரால்ஃப். அந்தம்மா மகளை ஒரு வாரம்கூடச் சும்மா விடுவதில்லை.

இந்த வகையில் எனக்குக் குறையும் உண்டு. எல்லாம் சீக்கிரம் தீர்ந்துவிடுகிறது. இருபதாவது நிமிஷத்தில் கட்டிப்பிடித்துக்கொள்கிறார்கள். எங்கள் வீட்டில் கட்டிப்பிடிக்கிற வழக்கமே கிடையாது, ‘சாப்டியா’ என்று கேட்டால் அதுவே பெரிய விஷயம். அதையும் சித்தி கேட்டால் நான் பதில் சொல்ல மாட்டேன்.

‘அம்மா செத்தா அப்பன் சித்தப்பன்’ என்று பழமொழி இருக்கிறதே, அதைச் சொல்லித்தான் ஊர் எங்களைப் பார்த்து உச்சுக்கொட்டியது. அதை ஒருமுறை முறைப்படி யோசித்துப் பாருங்கள். சித்தி புருஷன் சித்தப்பாதானே? வந்தவளைச் சித்தி என்று கூப்பிடச் சொல்லிக்கொடுத்ததே நாம்தான். கூப்பிட்ட நிமிஷத்தில் அப்பனின் முறை மாறிவிட்டது. பழி மட்டும் அவள் தலையில்.

ரசிகமணி டி.கே.சி.யின் இலக்கியக் கூட்டமான வட்டத்தொட்டி நடந்த ஊர்ப்பக்கம் வந்துவிட்டுக் கம்பனைத் தொடாமல் இறங்கினால் நீங்கள் விடமாட்டீர்கள். இராமனுக்கு முடிசூட்டப் போகிறார்கள். அந்தச் சேதியைச் சொல்லுமுன்னே, உனக்குப் பெரிய இடர் வருகிறது என்று கைகேயியிடம் வந்து கூனி சொல்கிறாள். கைகேயி என்ன சொன்னாள்? ‘இராமனைப் பயந்த எற்கு இடர் உண்டோ’. பயந்த என்றால் பெற்ற. வளர்த்த என்று சொல்லவில்லை, பெற்ற என்கிறாள்! பின்னால் அவள் மனம் மாறியதைத்தான் நாம் மனப்பாடமாக வைத்திருக்கிறோம். இந்த வரியைத் தாண்டிப் போய்விடுகிறோம்.

சட்டமும் இரண்டு பக்கம் பேசுகிறது. 1956-ஆம் வருஷ இந்து வாரிசுரிமைச் சட்டத்தில், மகன் சொத்துக்கு அம்மா முதல் வகுப்பு வாரிசு. சித்தி அந்த இடத்தில் இல்லை. ‘தகப்பனின் விதவை’ என்று இரண்டாம் வகுப்பில் எங்கேயோ கீழே கிடக்கிறாள். 2007-இல் வந்த பெற்றோர் பராமரிப்புச் சட்டமோ, பெற்றோர் என்ற சொல்லுக்குள் மாற்றாந்தாயையும் சேர்த்துவிட்டது. சோறு போடு என்று கேட்க அவளுக்கு உரிமை உண்டு. வக்கீல்கள் இருக்கிறீர்கள், நான் இத்தோடு விடுகிறேன்.

தேங்காய்ப்பாலில் வைக்கிற சொதிக்கு வருகிறேன். நம்ம பக்கம் மறுவீட்டுக்கு என்ன சமையல் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. மூன்றாம் பாலில் காய் வேகணும், கெட்டிப்பால் கடைசியில், கொதிக்க விடக்கூடாது, இறக்கி ஆறினபிறகு எலுமிச்சை. சித்திக்கு அது தெரியும். தெரிந்தும் என்னைக் கூப்பிட்டு, “ஏட்டி, உங்கம்மை எப்படி வைப்பா?” என்று கேட்டாள். நான் கூசாமல் சொன்னேன்: “புளி கரைச்சு ஊத்தி, நல்லாக் கொதிக்க விடுவா.” அவள் அப்படியே செய்தாள். பால் திரிந்து, தண்ணி வேறு திப்பி வேறாக நின்றது. தம்பிகள் வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கிறார்கள். அப்பா ஒன்றும் பேசாமல் இரண்டாம் தடவையும் ஊற்றச் சொல்லிச் சாப்பிட்டார். இந்த இடத்தில் அரங்கத்துச் சிரிப்பொலியைச் சேர்த்தால் அது முழு சிட்காம்.

மறுநாள் கிணற்றடியில் மறுபடி கேட்டாள். “இப்ப நெசத்தைச் சொல்லு. எப்படி வைப்பா?”

சொல்லிவிடலாம் என்றுதான் வாயைத் திறந்தேன். அம்மா போய் மூன்று வருஷமாகியிருந்தது. வாசம் தெரிகிறது, அந்தப் பித்தளைப் போணி தெரிகிறது, அவள் என்ன போட்டாள் என்பது ஞாபகத்தில் இல்லை. நான் அழுதேன். அவள் சமாதானம் ஒன்றும் சொல்லவில்லை, பாத்திரம் கழுவி முடித்தாள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை என்னையும் கூட்டிக்கொண்டு பஸ் ஏறித் திருநெல்வேலி டவுனுக்குப் போனாள். அம்மாவைப் பெற்ற ஆச்சி வீட்டுக்கு. ஆச்சி முதலில் வாசலில் நிறுத்தியே பேசினாள், பிறகு உள்ளே விட்டாள், பிறகு சொன்னாள். சித்தி காலண்டர் தாளின் பின்பக்கத்தில் எழுதிக்கொண்டாள். என் வீட்டில் இன்றைக்கும் சொதி அந்தத் தாளில் இருக்கிறபடிதான். கூட வைக்கிற இஞ்சித் துவையலை மட்டும் அவள் ஆச்சியிடம் கேட்கவில்லை. அது அவள் அம்மா வீட்டுப் பக்குவம்.