வந்துட்டுப் போயிடுது

வணக்கம். கோத்தகிரியில் கம்ப்யூட்டர் ரிப்பேர் பார்க்கிற ஆள் நான். ரேடியோவில் பேச வாங்க என்று கூப்பிட்டதும் எதைப் பற்றிப் பேசுவது என்று நான் யோசிக்கவே இல்லை. ஐப்பசி பிறந்துவிட்டால் எனக்கு வருகிற போன்களில் முக்கால்வாசி ஒரே புகார்தான்: "தம்பி, பிரவுசரைத் திறந்தா வந்துட்டுப் போயிடுது."

ஐகானைக் கிளிக் செய்தால் ஜன்னல் ஒரு நொடி எட்டிப் பார்க்கும், அப்புறம் காணாமல் போய்விடும். சில நேரம் செயலிழந்துவிட்டது, மன்னிக்கவும் என்று ஒரு சின்னப் பெட்டி வரும். ஏன் ஐப்பசியில்? கூடலூர், தேவாலா பக்கம் ஆடி மாதம் கொட்டுகிற மழை, நம் கோத்தகிரிச் சரிவுக்கு வடகிழக்குப் பருவத்தில்தான் வருகிறது. ஏதாவது ஒரு கற்பூர மரம் கம்பி மேல் சாயும், கரண்ட் போகும், வரும், மறுபடி போகும். பிரவுசர் திறந்திருக்கிற நேரமெல்லாம் எதையாவது எழுதிக்கொண்டேதான் இருக்கிறது, எந்தப் பக்கம் பார்த்தீர்கள், எந்த டேப் திறந்திருக்கிறது என்று. எழுதுகிற கையோடு கரண்ட் போனால் ஒரு ஃபைல் பாதியில் நின்றுவிடும். பெரும்பாலும் மறுநாள் அதுவே சமாளித்துக்கொள்ளும், சில நாள் முடியாது.

போன வருஷம் மார்க்கெட் பக்கத்தில் சின்ன அறையில் ஆன்லைன் விண்ணப்பங்கள் போட்டுக் கொடுக்கிற ஒரு அக்கா கூப்பிட்டார்கள். வாசலில் நான்கு பேர் வருமானச் சான்றுக்கு நிற்கிறார்கள். அக்காவின் தம்பி பையன் அதற்குள் ஃபயர்பாக்ஸ் என்கிற பிரவுசரை மூன்று தடவை நீக்கிவிட்டுப் புதிதாகப் போட்டிருக்கிறான். "புதுசாப் போட்டும் அப்படியேதான் இருக்கு சாமி, கம்ப்யூட்டரே போச்சா?"

இந்த இடத்தில்தான் எல்லோரும் தடுக்கி விழுகிறோம். பிரவுசர் என்பது இரண்டு பாகம். ஒன்று புரோகிராம், அது கடையில் வாங்கிய அடுப்பு மாதிரி, எல்லார் வீட்டிலும் ஒன்றுதான். இன்னொன்று புரொஃபைல், உங்கள் புக்மார்க், பாஸ்வேர்ட், பிரவுசரில் கூடுதலாக மாட்டிக்கொள்கிற எக்ஸ்டென்ஷன், செட்டிங் எல்லாம் இருக்கிற ஒரு ஃபோல்டர், அது உங்கள் வீட்டுக் குழம்பு. நீக்கிவிட்டுத் திரும்பப் போட்டால் மாறுவது அடுப்பு மட்டும். கெட்டுப்போன குழம்பு அப்படியே காத்திருக்கும், புது அடுப்பில் ஏறி உட்கார்ந்துகொள்ளும். மூன்று தடவை இல்லை, முப்பது தடவை போட்டாலும் இதே கதைதான்.

அதனால் முதல் வேலை நீக்குவது இல்லை, கோளாறு எந்தப் பாகத்தில் என்று பார்ப்பது. கம்ப்யூட்டரை ஒரு தடவை அணைத்துப் போடுங்கள். போகவில்லையா, கீபோர்டில் ஷிப்ட் கீயை அழுத்திப் பிடித்துக்கொண்டே ஃபயர்பாக்ஸ் ஐகானைக் கிளிக் செய்யுங்கள். ட்ரபிள்ஷூட் மோடு என்று ஒரு பெட்டி வரும், முன்பு இதையே சேஃப் மோடு என்றார்கள். அதில் ஓப்பன் கொடுங்கள். பக்கத்தில் ரீஃப்ரெஷ் என்று ஒரு பட்டன் இருக்கும், அவசரப்பட்டு அதைத் தொட வேண்டாம், எக்ஸ்டென்ஷன் எல்லாவற்றையும் எடுத்துவிடும். எக்ஸ்டென்ஷன் மாதிரி கூடுதல் வசதிகளை அணைத்துவைத்துத் திறக்கிற மோடு இது, இதில் திறந்துகொண்டால் பாதி நிம்மதி. குற்றவாளி ஏதோ ஒரு எக்ஸ்டென்ஷன், இல்லையென்றால் ஹார்ட்வேர் ஆக்சலரேஷன், அதாவது படம் வரைகிற வேலையை கிராபிக்ஸ் சிப்பிடம் ஒப்படைக்கிற வசதி. செட்டிங்கில் பெர்ஃபார்மன்ஸ் என்ற இடத்தில் அந்த டிக்கை எடுத்துப் பாருங்கள். எக்ஸ்டென்ஷனில் பாதியை அணைத்துப் பாருங்கள், அப்புறம் மீதிப் பாதியை. ஒவ்வொன்றாகப் பார்த்தால் சாயங்காலம் ஆகிவிடும்.

அக்காவின் கம்ப்யூட்டரில் ஷிப்ட்டுக்கும் மசியவில்லை. விண்டோஸ் கீயும் ஆர் கீயும் சேர்த்து அழுத்தினால் ஒரு சின்னப் பெட்டி வரும் இல்லையா, அதில் ஃபயர்பாக்ஸ் என்று ஆங்கிலத்தில் டைப் செய்து, ஒரு இடம் விட்டு, ஒரு சின்னக் கோடு, அதை ஒட்டி பெரிய பி. (ரேடியோவில் இதைச் சொல்வது எவ்வளவு கஷ்டம் என்று இப்போதுதான் தெரிகிறது. பேனா எடுங்கள், இன்னொரு தடவை சொல்கிறேன்: ஃபயர்பாக்ஸ், இடைவெளி, கோடு, பி.) என்டர் தட்டினால் புரொஃபைல் பட்டியல் வரும். கிரியேட் கொடுத்துப் புதிதாக ஒன்று போட்டேன். பிரவுசர் பளிச்சென்று திறந்து நின்றது.

வாசலில் நின்றவர்களுக்குச் சந்தோஷம், அக்காவுக்கு மட்டும் முகம் வாடிவிட்டது. "என் பாஸ்வேர்டெல்லாம்?" பழைய ஃபோல்டர் எங்கேயும் போகவில்லை அக்கா என்றேன். அதே சின்னப் பெட்டியில் ஆப்டேட்டா என்று முன்னும் பின்னும் சதவீதக் குறி போட்டுத் தட்டினால், மொசில்லா, அதற்குள் ஃபயர்பாக்ஸ், அதற்குள் புரொஃபைல்ஸ். அங்கே நான் ஒரு சோம்பேறித்தனம் செய்தேன், பழையதில் இருந்த அத்தனை ஃபைலையும் அள்ளிப் புதியதில் கொட்டினேன். திறந்தால் வந்துட்டுப் போயிடுது! கெட்டதையும் சேர்த்துத்தானே அள்ளியிருக்கிறேன். மறுபடி ஒரு புது புரொஃபைல் போட்டு, பிரவுசரை மூடிவிட்டு, மூன்றே மூன்று ஃபைலை எடுத்துவந்தேன்: பிளேசஸ் டாட் எஸ்கியூலைட், அதில் புக்மார்க்கும் ஹிஸ்டரியும், லாகின்ஸ் டாட் ஜேசன், கீ4 டாட் டிபி, இந்த இரண்டும் சேர்ந்தால்தான் பாஸ்வேர்ட், ஒன்றை விட்டு ஒன்று பயன்படாது. எல்லாம் வந்துவிட்டது. பிளேசஸ் ஃபைலே கெட்டிருந்தாலும் பயமில்லை, புக்மார்க்பேக்கப்ஸ் என்று ஒரு ஃபோல்டரில் தேதி போட்டு நகல் இருக்கும்.

குரோம் வைத்திருப்பவர்களுக்கும் கணக்கு இதேதான். அங்கே யூசர் டேட்டாவுக்குள் டிஃபால்ட் என்ற ஃபோல்டர். அதை அழிக்காமல் பெயரை மட்டும் மாற்றிவைத்துவிட்டுத் திறந்து பாருங்கள்.

புது புரொஃபைலிலும் விழுந்தால்? அப்போது சந்தேகம் ஆன்டிவைரஸ் மேல், கிராபிக்ஸ் சிப்பை இயக்குகிற டிரைவர் என்ற புரோகிராம் மேல். மற்ற புரோகிராமும் சேர்ந்து விழுந்தால் ரேம் மேல், அதாவது கம்ப்யூட்டருக்குள் இருக்கிற மெமரி பலகை. நம் ஊர்ப் பனியிலும் ஈரத்திலும் ரேமின் தங்க நிறப் பற்களில் ஒரு மங்கல் படிந்துவிடும். பிளக்கைப் பிடுங்கிவிட்டு, அதைக் கழற்றி, பள்ளிப் பிள்ளைகள் வைத்திருக்கிற வெள்ளை ரப்பரால் மெதுவாகத் தேய்த்து, துகளை ஊதி மாட்டினால் பல தடவை சரியாகியிருக்கிறது. பெரிய வித்தை ஒன்றும் இல்லை, ஆனால் இதற்குத்தான் எனக்குக் காசு கொடுக்கிறார்கள்.

சில நாள் தப்பு நம் வீட்டிலேயே இருக்காது. 2022 ஜனவரி 13 அன்று உலகம் முழுக்க ஏராளமான பேருக்கு ஃபயர்பாக்ஸ் எந்தப் பக்கத்தையும் திறக்காமல் நின்றுவிட்டது. இணையப் பக்கங்களைக் கொண்டுவருகிற எச்டிடிபி3 என்கிற முறையைக் கையாளும் இடத்தில் ஒரு பிழை, செக்குமாடு மாதிரி ஒரே வட்டத்தைச் சுற்றிக்கொண்டிருந்தது. அன்றைக்கு நீக்கிவிட்டுப் போட்டவர்களுக்கு என்ன கிடைத்திருக்கும்? பக்கத்துக் கடையிலும் அதே தொல்லையா என்று முதலில் ஒரு வார்த்தை கேளுங்கள். ஆமாம் என்றால் ஒரு டீ சாப்பிட்டுவிட்டு வாருங்கள்.

கிளம்பும்போது அக்காவிடம், ஒரு யூபிஎஸ் வாங்கிவிடுங்கள் என்றேன். "இருக்கே தம்பி" என்று மேசைக்கு அடியில் காட்டினார்கள். இருந்தது, அதன் மேல் பிரிண்டர் பேப்பர் கட்டு. பிளக்கைப் பிடுங்கிப் பார்த்தேன், அது ஒரு கீச்சுக்கூடப் போடவில்லை. 12 வோல்ட் 7 ஏஹெச் பேட்டரி, மாற்றிப் பல வருஷம் ஆகியிருக்கிறது. புதிதாக ஒன்று மாட்டிக் கொடுத்துவிட்டுத்தான் வந்தேன். வணக்கம்.