இரும்பின் வாசலில் நுழையும் காட்மியம்

எல்லோருக்கும் வணக்கம். அழைப்பிதழில் தலைப்பை 'ரசாயனமும் உணவும்' என்று போட்டிருக்கிறார்கள். நடுவில் அந்த 'உம்' வந்துவிட்டதால் இரண்டும் வேறு வேறு விஷயம் போலத் தெரிகிறது. ரசாயனம் என்றால் தொழிற்சாலைக்காரர்கள் கவலை, உணவு என்றால் நம் கவலை என்று பிரித்துக்கொள்கிறோம். உடம்பு அப்படிப் பிரிப்பதில்லை. அதைச் சொல்லத்தான் வந்தேன்.

சிறுநீரகத்திலிருந்து தொடங்குகிறேன். இரண்டையும் சேர்த்து எடை போட்டாலும் உடல் எடையில் அரை சதவீதம் தேறாது. ஆனால் இதயம் தள்ளும் ரத்தத்தில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு அங்கேதான் போகிறது. அந்த ரத்தத்திலிருந்து ஒரு நாளைக்குச் சுமார் 180 லிட்டர் நீர் வடிகிறது. சிறுநீராக வெளியே வருவது ஒன்றரை, இரண்டு லிட்டர்தான். மீதியெல்லாம்? உள்ளே இருக்கும் நுண்குழாய்கள் பொறுக்கிப் பொறுக்கித் திரும்ப எடுத்துக்கொள்கின்றன. சல்லடைக்கு இந்த வேலை தெரியாது. வேண்டியது எது, வேண்டாதது எது என்று ஆள் பார்த்து விடுகிற காவல்காரன் என்று வேண்டுமானால் சொல்லலாம். அந்தக் காவல்காரனை ஏமாற்றிவிட்டால்தான் வினை.

லண்டனில் ரிச்சர்ட் பிரைட் என்று ஒரு மருத்துவர் இருந்தார். சிறுநீரக நோயால் இறந்தவர்களின் உடலைத் திறந்து பார்த்தபோது பலருக்கு இதயச் சுவர் தடித்திருப்பதைக் கண்டு 1836இல் எழுதிவைத்தார். கையில் பட்டை சுற்றிப் பிரஷர் பார்க்கும் கருவி வந்தது 1896இல். அதற்கு 60 வருடம் முன்பே, கண்ணால் பார்த்தே இரண்டு உறுப்புக்கும் உறவு உண்டு என்று பிடித்துவிட்டார். எனக்கு இன்றைக்கும் வியப்பாக இருக்கிறது. சிறுநீரகம் கெட்டால் உப்பும் நீரும் உடம்பில் தங்கும், பிரஷர் ஏறும், அதை எதிர்த்துத் தள்ளித் தள்ளி இதயம் தடிக்கும். இதயம் தளர்ந்தால் சிறுநீரகத்துக்குப் போகும் ரத்தம் குறையும். யாரிடம் முதலில் தொடங்கியது என்று கடைசியில் கண்டுபிடிக்கவே முடியாது.

சரி, ஏமாற்று வேலைக்கு வருவோம். குடலில் இரும்புச் சத்தை உள்ளே எடுப்பதற்கென்று வாசல்கள் இருக்கின்றன. உடம்பில் இரும்பு குறைந்தால், கிடைப்பதை விடக்கூடாது என்று குடல் அந்த வாசல்களைக் கூட்டிக்கொள்ளும். அதே வாசலில் காட்மியம் என்ற நச்சு உலோகமும் நுழையும். அதாவது ஒரே சாப்பாட்டைச் சாப்பிடும் இரண்டு பேரில், ரத்தசோகை உள்ளவருக்குக் காட்மியம் கூடுதலாகச் சேரும். உள்ளே போனது எங்கே தங்கும்? பெரும்பங்கு சிறுநீரக நுண்குழாயில். 10 முதல் 30 வருடம்கூட இருக்கும்.

ஜப்பானில் தொயாமா பகுதியில் ஜின்சு ஆறு ஓடுகிறது. மேலே இருந்த சுரங்கத்தின் கழிவு ஆற்றில் கலந்து, வயலுக்குப் போய், நெல்லில் ஏறியது. பல பிள்ளைகள் பெற்று, மாதவிடாய் நின்ற பெண்களைத்தான் அது அதிகம் தாக்கியது. சிறுநீரகம் சத்துக்களைச் சிறுநீரில் ஒழுகவிட்டு, எலும்பு மெலிந்து, சாதாரணமாக அசைந்தாலே முறியும். 'இத்தாய், இத்தாய்' என்று அலறினார்கள். 'வலிக்குதே, வலிக்குதே' என்று பொருள். நோய்க்கே அந்தப் பெயர்தான் நிலைத்தது. 1968இல் ஜப்பான் அரசு இதை மாசால் வந்த நோய் என்று ஒப்புக்கொண்டது. சுரங்கம் பக்கத்தில் இல்லாதவர்கள் நிம்மதி அடைய வேண்டாம். புகையிலைச் செடி மண்ணிலிருந்து காட்மியத்தை நன்றாகவே இழுக்கும். புகைக்கும்போது, குடலைவிட நுரையீரல் அதைப் பல மடங்கு சுலபமாக உள்ளே விடும்.

ஈயம் போடுவது கால்சியம் வேஷம். கால்சியம் போதாத உடம்பில் அது கூடுதலாக ஏறும், எலும்பில் போய்ப் பல பத்தாண்டுகள் பதுங்கும். வயதாகி எலும்பு கரையும்போது மறுபடி ரத்தத்தில் இறங்கும். பிரஷரை ஏற்றும், சிறுநீரகத்தையும் கெடுக்கும். ஈயம் கலந்த பெட்ரோலைக் கார்களுக்கு விற்ற கடைசி நாடான அல்ஜீரியா அதை நிறுத்தியது 2021இல்தான். அதற்கு முன் மூச்சில் வாங்கிய ஈயம் நம்மில் பலரின் எலும்பில் இன்னும் இருக்கிறது. ஈயம், காட்மியம், ஆர்சனிக் மூன்றும் இதய நோய்க்குக் காரணிகள் என்று அமெரிக்க இதயச் சங்கம் 2023இல் அறிக்கையே வெளியிட்டது. ஆர்சனிக் பற்றி ஒன்றே ஒன்று: தண்ணீரில் கலந்த இந்த நஞ்சு கொதிக்க வைத்தால் போகாது. தண்ணீர் வற்றுவதால் அடர்த்திதான் கூடும்.

உப்பைப் பற்றி உங்களுக்கே தெரியும். நாளைக்கு 5 கிராமுக்குள் என்கிறது உலக சுகாதார நிறுவனம். நான் சொல்ல நினைத்தது பாஸ்பேட், அதாவது பாஸ்பரஸ் அடங்கிய உப்பு. பருப்பிலும் தானியத்திலும் இயல்பாக இருக்கும் பாஸ்பரசில் பாதிகூட உடம்பில் சேராது. பதப்படுத்திய உணவில் கலக்கும் பாஸ்பேட் உப்போ ஏறக்குறைய முழுவதும் சேரும். தளர்ந்த சிறுநீரகத்தால் அதை வெளியேற்ற முடியாது. அப்புறம் நடப்பதுதான் கொடுமை: ரத்தக் குழாயின் தசைச் செல்கள் தங்களை எலும்புச் செல் என்று நினைத்துக்கொண்டு சுண்ணாம்பு படிய வைக்கத் தொடங்கும். குழாய் விறைக்கும், இதயத்தின் பாடு இன்னும் அதிகமாகும். இதை உணவு என்பதா, ரசாயனம் என்பதா? பொட்டலத்தின் பின்பக்கம் பொடி எழுத்தில் 'பாஸ்' என்று தொடங்கும் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். சில சமயம் 450, 451 என்று எண்ணாக ஒளிந்திருக்கும்.

நீங்கள் கேள்வி எழுதிய சீட்டுகள் வந்திருக்கின்றன. ஒருவர் கேட்கிறார்: 'பொட்டாசியம் கலந்த உப்பு நல்லதாமே?' சீனாவில் 600 கிராமங்களில் சுமார் 21,000 பேரை வைத்துப் பார்த்தார்கள். 2021இல் முடிவு வந்தது. அந்த உப்பைச் சாப்பிட்டவர்களிடம் பக்கவாதம் 14 சதவீதம் குறைந்தது. நல்லதுதான். ஆனால் சிறுநீரகம் பழுதானவர், சில பிரஷர் மாத்திரை சாப்பிடுகிறவர், மருத்துவரைக் கேட்காமல் அதைத் தொடக்கூடாது. தேங்கும் பொட்டாசியம் இதயத்தையே நிறுத்திவிடும்.

அடுத்தது: 'உடம்பிலிருந்து நஞ்சை இறக்க மூலிகை குடிக்கலாமா?' பெல்ஜியத்தில் 1990களின் தொடக்கத்தில் இளைப்பதற்காக மூலிகை சாப்பிட்ட பெண்களில் நூறு பேருக்கு மேல் சிறுநீரகம் பழுதானது. உள்ளே இருந்தது அரிஸ்டோலோக்கிக் அமிலம், சில செடிகளில் இருக்கும் நஞ்சு. அதுவும் இயற்கைதான். ஊசி போட்டு உலோகத்தை இறக்கும் சிகிச்சையை, ஏற்கெனவே மாரடைப்பு வந்த சர்க்கரை நோயாளிகளிடம் சோதித்த ஆய்வு 2024இல் வெளியானது. ரத்தத்தில் ஈயம் நன்றாகவே குறைந்தது, இதயப் பாதிப்புகள் குறையவில்லை. கடும் நச்சுக்கு அந்த ஊசி வேண்டியதுதான், வழக்கமான சுத்தத்துக்கு அல்ல.

கடைசிச் சீட்டு: 'கிரியேட்டினின் நார்மல், அப்போது கவலையில்லையே?' கிரியேட்டினின் என்பது சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய கழிவு, ரத்தத்தில் அளப்பார்கள். பாதிச் செயல்திறன் போகும்வரைகூட அது நார்மலாகக் காட்டலாம். சிறுநீரில் ஆல்புமின் என்ற ரத்தப் புரதம் ஒழுகுவது பெரும்பாலும் அதற்கு முன்பே தெரிந்துவிடும். சர்க்கரையோ பிரஷரோ இருந்தால் வருடத்துக்கு ஒரு தடவை ரத்தத்தோடு சிறுநீரையும் கொடுத்துப் பாருங்கள். காலையில் முதலில் போகும் சிறுநீர் என்றால் இன்னும் நல்லது.