கட்டு நனைந்தால் அன்றைக்கே வாருங்கள்

வணக்கம் நேயர்களே. கேரள எல்லையை ஒட்டிய கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், சித்தூர்ப் பக்கத்திலிருந்து முழங்கால் மூட்டு மாற்று ஆபரேஷனுக்குக் கோவை வருகிறவர்கள் உண்டு. நாலைந்து நாளில் வீடு திரும்பிவிடுவார்கள். பெரும்பாலோருக்குக் காயம் நன்றாக ஆறிவிடும். ஆறாத சிலருக்காகத்தான் இன்று பேசுகிறேன்.

பத்துப் பன்னிரண்டு நாள் கழித்துக் கட்டு ஈரமாகும். குறைய வேண்டிய வலி கூடும். காய்ச்சல் வந்தே தீரும் என்பதில்லை. 'இதுக்குப் போயி செக்போஸ்ட் தாண்டி அவ்வளவு தூரமா?' என்று மகன் பக்கத்து மெடிக்கலில் ஆன்டிபயாடிக் வாங்கி வருவார். கசிவு நிற்கும். மாத்திரை தீர்ந்ததும் மறுபடி கசியும். இதைக் கேட்கும்போதெல்லாம் மனசு அடித்துக்கொள்கிறது. கைநழுவியது மூட்டைக் காப்பாற்றும் நேரம்.

கிருமி செயற்கை மூட்டின் உலோகத்தில் ஒட்டியதும், பாறையில் பாசி படிவதுபோல வழவழப்பான படலம் கட்டிக்கொள்ளும். இளசாக இருந்தால் கழுவிவிடலாம். முற்றிவிட்டால் மருந்து எடுபடாது. மூட்டையே கழற்றி, ஆன்டிபயாடிக் கலந்த சிமென்ட்டை இடையில் வைத்து, வாரக்கணக்கில் காத்திருந்து, வேறு மூட்டு பொருத்த வேண்டிவரும்.

அதனால்தான் முதல் நாலு வாரம் அவ்வளவு முக்கியம். மூட்டு ஆடாமல் உறுதியாக இருந்தால், திறந்து, ஐந்தாறு இடங்களில் திசு எடுத்து, என்ன கிருமி என்று வளர்த்துப் பார்க்கும் கல்ச்சர் சோதனைக்கு அனுப்புவோம். கெட்டுப்போன சதையை வெட்டி எடுப்போம். இரண்டு உலோகப் பாகங்களுக்கு நடுவே உள்ள பிளாஸ்டிக் தட்டைக் கழற்றினால்தான் மூட்டின் பின்பக்கம் எட்டும். தட்டுக்கு அடியிலும் கிருமி தங்கியிருக்கும். லிட்டர் கணக்கில் சலைன் விட்டுக் கழுவிய பிறகு கையுறை, விரிப்பு, கருவிகள் எல்லாம் மாற்றிப் புதுத் தட்டு பொருத்துவோம். தோலை மட்டும் கிளறித் தையல் போடுவது இதற்கு ஈடாகாது.

பிறகு மருந்து. 6 வாரம் போதுமா, 12 வாரம் வேண்டுமா என்று பிரான்சில் ஆராய்ந்து 2021-இல் வெளியிட்டார்கள். 12 வாரம் சாப்பிட்டவர்களுக்கே தொற்று நீடிப்பது குறைவாக இருந்தது. டிபிக்கும் தரப்படும் ரிஃபாம்பிசின் மருந்தை எழுதினால் 'டிபியா டாக்டர்?' என்று பதறுவார்கள். டிபி இல்லை, அம்மா. ஸ்டெஃபிலோகாக்கஸ் கிருமியின் படலத்துக்குள்ளும் வேலை செய்யும் என்பதால், வேறொரு மருந்தோடு சேர்த்துத் தருகிறோம். சிறுநீர் ஆரஞ்சாகப் போகும், பயம் வேண்டாம்.

கட்டு நனைந்தால் மாத்திரை போடாமல், ஆபரேஷன் செய்தவரிடம் அன்றைக்கே வாருங்கள். ஏற்கெனவே சாப்பிட்டிருந்தால் மாத்திரை அட்டையைக் கையோடு கொண்டு வாருங்கள். யாரும் திட்ட மாட்டோம். மருந்து உள்ளே இருந்தால் கல்ச்சரில் கிருமி வளராமல் போகலாம். என்ன மருந்து, எத்தனை நாள் என்பது எங்களுக்குத் தெரிந்தாக வேண்டும்.