மீன் தொட்டியில் நத்தை பெருகினால்

நேயர்களுக்கு வணக்கம். "நாம நத்தையே வாங்கலையே, இது எப்படி வந்தது?" மீன் தொட்டி வைத்திருக்கும் வீட்டில் என்றாவது ஒருநாள் இந்தக் கேள்வி எழுந்தே தீரும். பெரும்பாலும் செடியோடுதான் வந்திருக்கும். சென்னையில் என்றால் கொளத்தூர்ப் பக்கம் போய் மீன் வாங்கும்போது, கூடவே கபோம்பாவோ ஜாவா பாசியோ ஒரு கட்டு வாங்கி வருகிறோம். அந்த இலையின் அடிப்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள். ஊறிய சப்ஜா விதைகளைச் சேர்த்து ஒட்டிய மாதிரி வழவழவென்று ஒரு சின்னத் திட்டு இருந்தால் அது நத்தை முட்டை. ஒன்றிரண்டு வாரத்தில் பொரிந்துவிடும்.

வீட்டுத் தொட்டிகளில் அதிகம் பெருகுகிறவை மூன்று வகை. கூர்முனை மேலே இருக்கும்படி பிடித்துப் பார்த்தால் ஓட்டின் வாய் இடப்பக்கம் இருப்பது பிளாடர் நத்தை. தட்டையாகச் சுருண்டிருப்பது ராம்ஸ்ஹார்ன். நீண்டு கூம்பாக இருப்பது டிரம்பெட் நத்தை. முதல் இரண்டிலும் ஒவ்வொரு நத்தையும் ஆணும் பெண்ணும் ஆன உடல். துணை கிடைக்காவிட்டால் தனியாகவே கருத்தரித்து முட்டையிடக்கூடியவை. டிரம்பெட் முட்டையிடாது, குட்டியாகவே ஈனும். அதற்கும் ஆண் துணை கட்டாயமில்லை. அது பகலெல்லாம் மணலுக்குள் கிடக்கும். இரவில் விளக்கை அணைத்துவிட்டு டார்ச் அடித்துப் பாருங்கள், "இத்தனையா!" என்று இருக்கும்.

ஆனால் எத்தனை முட்டை பொரிந்தாலும், தின்ன ஏதாவது கிடைத்தால்தான் நத்தை வளரும். அதனால் யாராவது என்னிடம் நத்தைத் தொல்லை என்று வந்தால், உங்கள் வீட்டில் தீனி டப்பா யார் கையில் இருக்கிறது என்றுதான் முதலில் கேட்பேன். காலையில் அப்பா போடுவார். பள்ளி விட்டு வந்ததும் பிள்ளை போடும். ராத்திரி தாத்தா, "பாவம், வாயை வாயைத் திறக்குது" என்று இன்னொரு சிட்டிகை போடுவார். மீன் வாயைத் திறப்பது மூச்சு விடுவதற்கு. அதைத் தாத்தாவுக்குப் புரியவைப்பது உங்கள் சாமர்த்தியம். மீன் தின்றது போக மிச்சம் கல்லிடுக்கில் இறங்கும். நத்தைக்கு அதுதான் சாப்பாடு.

இரண்டு நிமிடத்தில் மீன் தின்று முடிக்கிற அளவுக்குப் போடுங்கள், போதும். வளர்ந்த, நல்ல ஆரோக்கியமான மீன் வாரத்தில் ஒருநாள் பட்டினி கிடந்தால் ஒன்றும் ஆகாது. தண்ணீர் மாற்றும்போது குழாய் வைத்து அடிக்கசடை உறிஞ்சி எடுங்கள். அழுகின இலையைக் கிள்ளிவிடுங்கள். விளக்கு நாள் முழுக்க எரிந்தால் பாசி படரும், அதுவும் நத்தைக்குத் தீனிதான். இதெல்லாம் செய்தாலும் மறுநாளே பலன் தெரியாது. இருக்கிற நத்தைகள் இருக்கும். புதிதாக வருவது குறையும். சில வாரம் பொறுக்க வேண்டும்.

அதுவரை கையால் பிடிக்கலாம். இரவு விளக்கை அணைத்த பிறகு, லேசாக வேகவைத்த வெள்ளரிக்காய் வில்லையை ஒரு ஃபோர்க்கில் குத்தித் தொட்டியில் இறக்குங்கள். காலையில் விளக்குப் போடும் முன் எடுத்தால் வில்லை முழுக்க நத்தை அப்பியிருக்கும். அப்படியே வெளியே எடுத்துவிடுங்கள். மறந்து உள்ளேயே விட்டால் தண்ணீர் கெட்டுவிடும்.

நத்தைக்கென்று விற்கிற மருந்து எனக்குச் சம்மதமில்லை. பல மருந்துகளில் இருப்பது செம்பு. இறால் வளர்த்தால் அதுவும் சேர்ந்து சாகும். செத்த நத்தைகள் மணலுக்குள் அழுகி அம்மோனியா ஏறினால் அப்புறம் மீனுக்கே ஆபத்து.

நத்தை தின்னும் மீன் வாங்கலாமா? க்ளவுன் லோச் தின்னும். ஆனால் கூட்டமாக வளர்க்க வேண்டிய மீன், ஓர் அடி நீளம் வரை வளரக்கூடியது. இரண்டடித் தொட்டிக்காரர்கள் அந்தப் பக்கமே போக வேண்டாம். மேற்குத் தொடர்ச்சி மலை ஆறுகளில் வாழும் பட்டாணி பஃபர் சுண்டுவிரல் அளவுகூட இராது, நத்தையை ஆசையாகத் தின்னும். கூடவே உங்கள் கப்பி மீனின் வாலையும் கடிக்கும். அசாஸின் நத்தை என்று தென்கிழக்காசிய நத்தை ஒன்று உண்டு, மற்ற நத்தைகளைத் தின்று வாழ்வது. இருப்பதில் இதுதான் பரவாயில்லை. நீங்கள் காசு கொடுத்து வாங்கிய மிஸ்டரி நத்தையையும் அது விட்டுவைக்காது, அவ்வளவுதான்.

புதுச் செடி வாங்கினால் படிகாரம் கரைத்த தண்ணீரில் சில மணி நேரம் ஊறவைத்து, நன்றாக அலசுங்கள். நத்தை செத்தாலும் முட்டை தப்பிவிடலாம். அதனால் இலைகளை விரலால் தடவிப் பார்த்துவிட்டு, இரண்டு மூன்று வாரம் தனி வாளியில் போட்டு வைப்பது நல்லது.

ஒரேயடியாக ஒழிக்க நினைக்காதீர்கள். நாலைந்து நத்தை இருந்தால் மிச்சத் தீனி அழுகாது. டிரம்பெட் மணலைக் கிளறிவிடும். பட்டப்பகலில் டிரம்பெட் நத்தையெல்லாம் கண்ணாடியில் ஏறித் தண்ணீர் மட்டத்துக்கு வந்து நின்றால், தண்ணீரில் காற்று குறைந்திருக்கலாம்; ஏர் பம்ப் ஓடுகிறதா என்று பாருங்கள்.

பிடித்த நத்தையைச் சாக்கடையிலோ ஏரியிலோ மட்டும் கொட்ட வேண்டாம். தென்னமெரிக்காவின் ஆப்பிள் நத்தையை 1980-களில் தைவானிலும் பிலிப்பைன்ஸிலும் உணவுக்காக வளர்க்கக் கொண்டுவந்தார்கள். அது வயலில் இறங்கி நெல் நாற்றைத் தின்ன ஆரம்பித்தது, இன்றுவரை தொல்லை தீரவில்லை. உங்கள் தொட்டி நத்தையை ஓட்டோடு நசுக்கி மீனுக்கே போடலாம். கோல்டுஃபிஷ், ஏஞ்சல் எல்லாம் தின்னும். அன்றைக்கு டப்பாவைத் திறக்க வேண்டாம்.